தபால் எண் 2317

பெருமை பொங்கும் இந்த வழியனுப்பு விழாவின் தலைவர் ராஜகோபால் அவர்களே, இரும்புலியூரின் மூத்த பெருமக்களே, மாலை ரயிலை எதிர்பார்த்தே பொறுமை பழகிய தாய்மார்களே, அந்த ரயிலில் நின்றபடியே ஆயுளைக் கழிக்கும் என் அலுவலகத் தோழர்களே, இன்று ஓய்வு பெறும் தபால் பிரிவு எழுத்தர் அபிதகுஜாம்பாள் அம்மையார் அவர்களே, அடியேன் எட்மண்டின் பணிவான வணக்கம்.

சர்க்கார் உத்தியோகம் சுகமா, சுமையா? பத்தாண்டுக்கு முன் கேட்டிருந்தால் சுமை என்றே சொல்லியிருப்பேன். என் கல்யாணத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். அம்மையார் திருப்பினார்கள். "செக்‌ஷன் ஹெட் கையெழுத்து இல்லையே, எட்மண்ட்." கையெழுத்து வாங்கி ஓடி வந்தேன். மணி ஐந்து ஐந்து. "டைம் ஆயிடுத்து. நாளைக்கு வாங்கோ."

நாளைக்குத்தானய்யா கல்யாணம். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், அதோ என் மெட்டில்டா அமர்ந்திருக்கிறாள், அவளைக் கேளுங்கள். லீவு இல்லாமலே தேவாலயம் ஏறினேன். திரும்பியதும் மெமோ வந்தது. ஏழு நாளில் பதில் தராவிட்டால் வேலை போகும். என் நாற்காலியில் தன் மைத்துனரை உட்காரவைக்க ஆசைப்பட்ட அதிகாரி ஒருவர், அந்த மெமோவை எழுதினார்.

ஏழாம் நாள், நாலு ஐம்பதுக்குப் பதிலைக் கொடுத்தேன். அம்மையார் முகம்கூட நிமிரவில்லை. வரும் தபாலைப் பதியும் நோட்டில் ஏற்றினார்கள், எண் 2317. மறுநாள் அந்த அதிகாரி பதிலே வரவில்லை என்றார். என் பதில் கிழிந்து குப்பைக்குப் போயிருந்தது. அப்புறம் அம்மையாரை அழைத்து, அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். வாசலில் நின்ற பியூன் பொன்னுரங்கம்தான் எனக்கு வந்து சொன்னார்.

"அம்மா இன்னா சொல்ச்சு தெரியுமா சார்? 'அடிக்கணும்னா எழுத்துல ஆர்டர் குடுங்கோ சார், அதுக்கும் ஒரு நம்பர் போட்டுடறேன்'னுச்சு. அவரு நோட்ட மூடி அம்மா கையிலயே குட்த்துட்டாரு."

அவையோரே, இதை வியக்காமல் எதை வியப்பேன்? மணமகனுக்கு மனமிரங்காத அதே விதி, அதிகாரிக்கும் அடிபணியவில்லை. நம் அலுவலகத்துக்கு முகம் தெரியாது. கண்ணீரும் தெரியாது, கசப்பும் தெரியாது. அதனால் நாம் படும் பாடு எவ்வளவு! ஆயினும் பிறகு மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் என் முகத்தையா பார்த்தார்கள்? எண்ணைப் பார்த்தார்கள். என் வேலை தங்கியது; என் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஐந்து நிமிடத்துக்காக நான் யாரைச் சபித்தேனோ, அவர்கள் போட்ட எண்ணால்தான் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

பத்தாண்டாக அவர்களுக்கு நான் நன்றி சொல்லவில்லை. வெட்கம். இன்று காலை அந்த நன்றியைக் கடிதமாக எழுதினேன். செக்‌ஷன் ஹெட் கையெழுத்து வாங்கி, ஐந்து மணிக்கு முன்பே தபால் பிரிவில் கொடுத்தேன். தன் கடைசி நாளின் கடைசி எண்ணை அம்மையாரே அதற்குப் போட்டார்கள். இனி அதை எவராலும் அடிக்க முடியாது.

செவிமடுத்த உங்களுக்கு நன்றி. அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.