நேரில் வந்தால்தான் முத்திரை

நாற்காலி நிறைய அமர்ந்து, நடுநடுவே கண்ணயர்ந்து, நான் தொண்டையைச் செருமியதும் விழித்துக்கொண்ட தலைவர் அவர்களே! முத்திரையே மூச்சாக வாழும் நோட்டரிப் பெருமக்களே! என்னைவிட மூத்தவர்களே, மூத்தும் அதை ஒத்துக்கொள்ளாதவர்களே! பிள்ளைகளின் படிப்புக்காகக் கழுத்தையும் காதையும் காலி செய்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம்.

என் மருமகள் நோட்டரியாகி ஓராண்டு நிறைந்த விழா இது. எழுதப் படிக்கத் தெரியாத என்னை ஏன் பேச அழைத்தார்கள்? எழுதிக்கொண்டு வருகிறவர்கள் கடைசித் தாள்வரை விடமாட்டார்கள் என்ற பயம்தான்! சிரிக்காதீர்கள், எனக்குத் தாளே கிடையாது.

நோட்டரியாக என்ன செலவு? என்னைக் கேளுங்கள்! சட்டம் படிக்கச் செலவு. விண்ணப்பம் போடச் செலவு. முத்திரை வாங்கச் செலவு. முத்திரை வைக்க மேசை, மேசை போட அறை, அறைக்கு வாடகை, வாடகை கேட்டு வருகிறவருக்குக் காபி! என் மனைவியின் வளையல் இன்று பெயர்ப்பலகையாக வாசலில் தொங்குகிறது. கையில் கிடந்தபோது இன்னும் நன்றாக மின்னியது.

யாரங்கே, "அவ்வளவுதானா பெரியவரே?" என்பது? பொறுங்கள் ஐயா! அதெல்லாம் நோட்டரி ஆகிற செலவு. நோட்டரியாக இருக்கிற செலவை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

ஒருநாள் என் தம்பி பத்திரத்தோடு வந்தான். எங்கள் அக்கா தன் வீட்டை விற்கும் அதிகாரத்தை அவனுக்குக் கொடுத்து, கைநாட்டு வைத்ததாகப் பத்திரம். முதல்நாள்தான் வைத்தாளாம்!

"பெரியம்மா எங்க, சின்ன மாமா?" என்றாள் மருமகள்.

"ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க. அதான் ரேகை இருக்குல்ல? குத்தும்மா."

"அவங்க என் முன்னாடி இருக்கணுமே."

"சொந்தக்காரன்கிட்டயே சட்டமா? எதிர்க்கடையில மூஞ்சியைக்கூடப் பார்க்காம குத்துறான்!"

"அவங்களால வர முடியலன்னா நாம போவோம். வாங்க."

அன்று காலைதான் அக்காவுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தவள் அவள். அக்காவின் நிலையைத் தன் அறையிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னாளா? வாயைத் திறந்தாளா? சின்ன மாமனாரை மரியாதையாக அழைத்துப் போனாள். பின்னாலேயே நானும் போனேன், இதையெல்லாம் விடுவேனா?

கட்டிலில் அக்கா. வழுக்கி விழுந்து வாரக்கணக்காகிவிட்டது. இரண்டு கைகளிலும் விரல் நுனிவரை மாவுக்கட்டு! தம்பி ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பத்திரத்தையும் பார்க்கவில்லை, பழியும் சொல்லவில்லை அக்கா. "வாடா தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு."

சொறிந்தான் ஐயா! பத்திரம் கக்கத்தில் கசங்க, கண் தரையில் பதிய, சொறிந்தான்! மருமகள் முத்திரையைப் பைக்குள் போட்டு மூடினாள். வீடு அக்காவிடமே நின்றது.

அதற்கு விலை? பாதிச் சொந்தம் மருமகள் வாசலை மிதிப்பதில்லை. நல்ல நாளில் ஒரு அழைப்பு இல்லை. தம்பி என் முகத்திலும் விழிப்பதில்லை. வளையலை மீட்டுவிடலாம், இதை எந்தக் கடையில் போய் மீட்பது?

அதோ, கதவோரம், தூணுக்குப் பின்னால் பாதி முகமாக நிற்கிறவனே! பார்த்துவிட்டேன். அக்கா முதல் வரிசையில் இருக்கிறாள். பக்கத்து நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்திருக்கிறாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. ஆளைத் தூது விடாதே, பிள்ளையை அனுப்பாதே. உனக்குத் தெரியாத சட்டமா? நேரில் வந்தால்தான் செல்லும்! கட்டுப் பிரித்தாயிற்று, மூக்கை அவளே சொறிந்துகொள்வாள். பயப்படாமல் வாடா!

பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி. மறுபடி உறங்கப்போகும் தலைவருக்கு இனிய கனவுகள். அக்கா, அந்தப் பையை எடு. வணக்கம்!