நடுவுல உக்கார்றவங்க

இல்லம்மா, அங்க இல்ல, இப்படி வா. அது மாப்பிள்ளை பக்கத்து ஆளோட இடம். பெஞ்சோட அந்தக் கோடியில மாப்பிள்ளை, இந்தக் கோடியில பொண்ணு. மாப்பிள்ளையை ஒட்டி ஒரு ஆம்பளை, பொண்ணை ஒட்டி ஒரு பொம்பளை. அந்தப் பொம்பளைதான் இன்னையிலேருந்து நீ.

சிரிக்காத. நிச்சயம் ஆன ரெண்டு பேரு கல்யாணத்துக்கு முன்னாடி ஒட்டி உக்காரக் கூடாதுன்னு நம்ம சபையில விதி. நேருக்கு நேர் பேசவும் கூடாது. மாப்பிள்ளை சொல்றத அவர் பக்கத்து ஆளு உன் காதுல சொல்வாரு, நீ பொண்ணு காதுல சொல்லணும். முடிஞ்சதும் சபைப் பெரியவரு உன்னைக் கூப்பிட்டு, ஒழுங்கா இருந்தாங்களான்னு கேப்பாரு. நீ தலையை இப்படி ஆட்டினா கல்யாணம். அப்படி ஆட்டினா எல்லாம் போச்சு. அதனாலதான் உன்னை முன்னாடியே வரச் சொன்னேன்.

இதுக்கே இந்த முழி முழிக்கிறியே! பாட்டன் பூட்டன் காலத்துல வேற வேற ரூம்ல உக்காந்து, சுவத்துல ஒரு குழாய் வச்சுப் பேசுவாங்களாம். ஒருத்தன் சளியோட வந்து குழாய்க்குள்ள தும்மினதுல பொண்ணுக்குக் காதே அடைச்சுப் போச்சு. குழாயை எடுத்துட்டுத் திரை போட்டாங்க. திரைக்குப் பின்னாடி பொண்ணோட அம்மா உக்காந்து பதில் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை எனக்கு அந்தக் குரல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாராம். அப்புறம்தான் இந்த பெஞ்சு.

நடுவுல உக்காரக் கல்யாணம் ஆகாதவங்களா ஏன் தேடுறாங்கன்னா? அது பெரியவங்க கணக்கு. கல்யாணம் ஆனவங்க பாவம் போன்னு கண்டுக்காம விட்டுடுவாங்களாம். ஆசைன்னா என்னன்னே தெரியாதவங்கதான் கண்டிப்பா இருப்பாங்களாம். மருந்துக்கடையில மாத்திரை எடுத்துக் குடுத்துக்கிட்டு தனியா கிடந்த என்னை அப்படித்தான் பிடிச்சாங்க. அந்தப் பக்கம் பஸ் கண்டக்டர் ஒருத்தரு. அவரும் கட்டிக்கல. பெஞ்சுல உக்காந்தாலும் பழக்கதோஷம், உள்ள தள்ளி உக்காருங்கம்பாரு.

இந்தக் காலத்துப் பசங்க என்னமா பேசுறாங்கங்கிற! உன்னைப் பாக்காம சாப்பாடு இறங்கல. உன் சிரிப்புதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. இதையெல்லாம் டிக்கெட் டிக்கெட்னு கூப்பிடுற அதே குரல்ல கண்டக்டர் என் காதுல சொல்லணும். நான் இந்தப் பக்கம் திரும்பி, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மாத்திரைன்னு சொல்ற மாதிரி பொண்ணுகிட்ட சொல்வேன். இப்படியே வருஷம் ஓடிப் போச்சு. எங்க ரெண்டு பேரையும் ஒரு பய ஒரு வார்த்தை கேக்கல.

என்ன சொன்ன? அப்ப கல்யாணம் ஆகாத நீங்க ரெண்டு பேரும் ஒட்டித்தானே உக்காந்தீங்கன்னா? அடி சமத்து! வந்த அன்னைக்கே உனக்குத் தோணிடுச்சு. பெரியவங்களுக்குத் தோணவே இல்ல. நாங்கதான் காவலாச்சே.

ஒரு நாளு கண்டக்டர் குனிஞ்சு, உங்க கையில வர்ற மருந்து வாசனை ரொம்பப் பிடிச்சிருக்குன்னாரு. நானும் சொல்லிடலாம்னு பொண்ணு பக்கம் திரும்பிட்டேன். அவ பேங்க்ல வேலை பாக்குறவ, அவ கையில ஏது மருந்து வாசனை? எட்டிப் பாத்தா மாப்பிள்ளை வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறான். எனக்குப் பயமும் இருந்துச்சு, சந்தோஷமும் இருந்துச்சு. கண்டக்டர் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொல்லுங்கன்னேன்.

சரி, நேரமாச்சு. மாப்பிள்ளை வந்துட்டாரு பாரு. ஆமா, அவரேதான். தோளுல பை இல்லாம எனக்கே அடையாளம் தெரியல. பொண்ணா? கொஞ்சம் நகரு, நான் கோடியில உக்காரணும்.

ஏன்டீ வாயைப் பொத்திக்கிற? இத்தனை வருஷம் ஒட்டி உக்காந்திருந்தோம், யாரும் கேக்கல. போன வாரம் நிச்சயம் பண்ணிக்கிட்டோம்னு சொன்னோம், உடனே ஆளுக்கொரு கோடின்னுட்டாங்க. இந்த வயசுல எனக்கு வேற யாரு வருவா சொல்லு. பெரியவரு கேக்கும்போது பாத்து ஆட்டும்மா தலையை. கண்டக்டர் என்ன சொன்னாலும் ஒண்ணு விடாம எனக்குச் சொல்லிடு.

உன்னை ஒட்டி உக்காரப் போறவரா? எலெக்ட்ரீஷியன். அவரும் தனி ஆளுதான். நல்ல மனுஷன், நீ உக்காரு.