வரைந்த தழும்பு

நேரலை தொடங்கப் பதினெட்டு நிமிடம் இருந்தது. ஒப்பனைக்காரி எமிலியா என் இடது முன்கையில் தழும்பு வரைந்துகொண்டிருந்தாள். போன வருடம் வலது கையில் வரைந்தாள், ஒருவரும் கவனிக்கவில்லை. அழுகிற கண்ணுக்கு இடமும் வலமும் ஒன்றுதான்.

எமிலியாவைக் குறை சொல்லாதீர்கள், ஸ்ரெபானி. பழைய தழும்பு மங்கிவிட்டது, கமராவில் தெரிவதில்லை, கொஞ்சம் எடுப்பாக்கிவிடு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். கோப்பியைக் குடியுங்கள், ஆறிப்போகும். உங்கள் பத்திரிகைக்கு வேண்டியதை நீங்கள் டெனிஷில் கேளுங்கள், உங்களுக்குத் தமிழ் விளங்கும்தானே, நான் தமிழில் சொல்கிறேன். டெனிஷில் பேசத் தொடங்கினால் எனக்கு நடிப்பு வந்துவிடும்.

அது 2009 ஜூன் மாதம், ஊரில் போர் முடிந்து மூன்றாம் வாரம். தொலைக்காட்சிக்கு ஒரு தமிழ் முகம் தேவைப்பட்டது. டெனிஷில் அழத் தெரிந்த முகம். இந்த நாட்டில் அது என்னிடம்தான் இருந்தது. அப்போது கைபேசி அடித்தது. இக்காஸ்ட் நகரில் இருந்து நீக்கிலாஸ் அண்ணை. துணித் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும், முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்துவிடுகிற நல்ல மனிதர்.

"தங்கச்சி, உங்கட பேரில வவுனியா முகாமில ஒரு மனிசி இருக்குது."

"பவளராணி எண்டு ஊருக்குப் பத்துப் பேர் இருப்பினம், அண்ணை."

"பேர் மட்டுமெண்டால் நான் எடுப்பனே? பிறந்த திகதி, ஊர், தாய் தகப்பன் பேர், எல்லாம் உங்கட புத்தகத்தில இருக்கிற மாதிரியே சொல்லுதாம். கையில சுட்ட தழும்பும் கிடக்காம்."

"எந்தக் கையில?" என்று கேட்டேன். தொழில் அக்கறை.

"கையை ஆட்டாதே" என்றாள் எமிலியா.

என் புத்தகத்தை உங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏழு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி வீட்டுக்கு வேலைக்கு விடப்பட்ட பிள்ளை, குசினித் தரையில் படுத்து, மிஞ்சிய சோற்றைத் தின்று வளர்ந்து, டென்மார்க்கில் நடிகையான கதை. வீட்டுக்கார மகள் சுசீலாதேவி ஒரு வளையல் உடைந்ததற்காகத் தட்டகப்பையைக் காய்ச்சிப் பிள்ளையின் கையில் வைக்கிற இடம் மட்டும் பதினொரு பக்கம். ஸ்கீவ நகர நூலகத்தில் அதை வாசித்து முடித்தபோது, ஒரு டெனிஷ் மூதாட்டி தானே பின்னிய கம்பளிக் காலுறையை என் மடியில் வைத்தார். யாழ்ப்பாண வெயிலில் என் கால் ஒருநாளும் குளிரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. இன்றைக்கும் போடுகிறேன். நல்ல காலுறை.

பதிப்பகத்து அம்மாவுக்குத்தான் ஒரு குறை. "அந்தக் கொடுமைக்காரி பிறகு என்ன ஆனாள்? வாசகர்கள் கேட்பார்கள்" என்றார். யோசித்துவிட்டு, இயக்கத்தில் சேர்ந்து பெரிய பொறுப்புக்கு வந்துவிட்டாள் என்றேன். அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இவ்வளவையும் பொய் என்று எழுதிவிடாதீர்கள். குசினித் தரை உண்மை, மிஞ்சிய சோறு உண்மை, தட்டகப்பையும் உண்மை. பவளராணி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் சுசீலாதேவி.

எண்பத்தாறில் எனக்கு இருபத்தொரு வயது. பதினெட்டுக்குக் குறைந்தவர்களின் அகதிக் கேஸ் லேசில் ஏற்றுக்கொள்ளப்படும் என்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் சொன்னான். பவளராணிக்குப் பதினேழு. அவளுடைய பிறப்புச் சான்றிதழ் அப்பாவின் அலுமாரியில் இருந்தது. எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்ததை நான் எடுத்தேன். இதைத் திருட்டு என்பீர்களானால் அது உங்கள் விருப்பம். நாலு வயது குறைந்ததையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நடிகை சொல்லுவாள்?

இங்கே விசாரணையில் முதலில் பெயரைக் கேட்டார்கள். பிறகு வாழ்க்கையைக் கேட்டார்கள். பெயர் அவளுடையதாக இருக்கும்போது வாழ்க்கையை மட்டும் என்னுடையதாகச் சொன்னால் பொருந்தாதே. கார், பியானோ, கொழும்பில் விடுமுறை என்றெல்லாம் சொல்லி யார் அகதியானது? ஆகவே அவளுடையதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை மூக்கைத் துடைத்தார். அதுதான் என் முதல் மேடை.

நீக்கிலாஸ் அண்ணை மறுநாள் அவள் அனுப்பிய செய்தியைக் கொண்டுவந்து தந்தார். யாரோ ஒரு தொண்டர் அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

'சுசீலாக்கா டென்மார்க்கில இருக்கிறா. என்ர பிறந்த பத்திரம் அவவிட்ட இருக்கும். அது இல்லாமல் எனக்கு ஒருநாளும் அடையாள அட்டை எடுக்க முடியேல்லை. காலில ஷெல் துண்டு கிடக்குது. பத்திரம் வந்தால் வெளியில விட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவினம். வேற ஒண்டும் வேண்டாம். அக்கா சுகமா இருக்கட்டும்.'

பாருங்கள், என்ன அப்பாவித்தனம். அடையாள அட்டை இல்லாமல் இருபத்துமூன்று வருடம் அந்த ஊரில் ஒருத்தி உயிரோடு இருந்திருக்கிறாள். நான் எழுதியிருந்தால் நம்பமுடியாது என்று பதிப்பகத்து அம்மா வெட்டியிருப்பார்.

"டென்மார்க்கில சுசீலாதேவி எண்டு அந்த வயசில ஒருத்தரும் இல்லை, தங்கச்சி. அதுதான் உங்களிட்ட வந்தனான்" என்றார் அண்ணை. "புத்தகத்தில வாற அந்த ராட்சசியோ இவ சொல்லுற அக்கா? ஆர் ஆரெண்டு எனக்கு விளங்கேல்லை. உங்களுக்குத்தான் தெரியும்."

சான்றிதழ் இரண்டு அடி தள்ளி, மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது. அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், நம்புங்கள். உறைகூட எடுத்தேன். ஆனால் அது போய்ச் சேர்ந்தால் அவள் பவளராணி ஆகிவிடுவாள். அப்போது நான் யார்? புத்தகத்தின் எட்டாம் பதிப்பு அச்சில் இருந்தது. இருநூறு பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அதைப் படித்து இரக்கப்படக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு காலுக்காக அத்தனை இரக்கத்தையும் அழிக்கச் சொல்கிறீர்களா? அவளுடைய துன்பத்துக்கு இந்த நாட்டில் ஒரு மரியாதை தேடிக் கொடுத்தவள் நான். அவளாக வந்து சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அவளுக்கு டெனிஷும் தெரியாது.

ஆகவே அந்த உறையிலேயே ஒரு கடிதத்தை வைத்தேன். முகாம் பொறுப்பதிகாரிக்கு, ஆங்கிலத்தில். உறையை ஒட்டி நீக்கிலாஸ் அண்ணையிடம் கொடுத்தேன். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார், தங்கச்சி. ஒரு சீவனைக் காப்பாத்திப் போட்டியள்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஜூலை நாலாம் திகதி சீருடைக்காரர்கள் வந்து அவளை ஏற்றிப் போனதையும், அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். நொண்டி நடக்கிற ஒரு வேலைக்காரியை அவர்கள் ஏன் தேடி வந்தார்கள் என்று கேட்கிறீர்கள். கடிதத்தின் பிரதி உங்களிடம் இல்லை என்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. பரவாயில்லை, நாலே வரி, எனக்கு மனப்பாடம்:

'இந்தப் பெண்ணை எனக்குச் சிறுவயது முதல் நன்றாகத் தெரியும். பவளராணி நான், என் பெயரைச் சொல்லி வெளியேறப் பார்க்கிற இவள் சுசீலாதேவி. கையிலுள்ள தழும்பு என் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தானே சுட்டுக்கொண்டதாக இருக்கும். இவள் இயக்கத்தில் வகித்த பொறுப்பைப் பற்றிய பக்கத்தை மொழிபெயர்த்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.'