சக்கரத்தடியில் ஒரு கல்

தேவகுமாரி: ஆரம்பிச்சாச்சா? ஞாயித்துக்கெழமை ஆனா ஊருல எல்லாரும் பைபிளைத் தூக்குவாங்க. என்ற ஊட்டுக்காரர் காரு பானட்டைத் தூக்குவாரு.

ஞானசுந்தரம்: கோயில் மணி அடிக்க இன்னும் நேரம் கெடக்குது, குமாரி. நீ போயி சேலையைக் கட்டு.

தேவகுமாரி: கட்டிட்டுத்தான் நிக்கறேன். திரும்பிப் பாத்தாத்தானே? எலிக்குப் போட்ட பாச்சை உருண்டை கரைஞ்சுதான்னு குனிஞ்சு பாப்பீங்க. ஆயில் குச்சியைத் தொடச்சுத் தொடச்சுப் பாப்பீங்க. பேட்டரி ஒயரை மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஒரு மொழம் முன்னால, ஒரு மொழம் பின்னால... அம்பாசிடர் ஊர்வலம் முடிஞ்சுது. திரும்பவும் ஷெட்டுக்குள்ள தூக்கம்.

ஞானசுந்தரம்: நின்ன எடத்துலயே நின்னா டயரு ஒரு பக்கமா சப்பிப் போயிருமாக்கும்.

தேவகுமாரி: நாமளுந்தான் நாகலூர்லயே நின்னு போயிட்டோம். நம்மள யாரு ஒரு மொழம் நகத்தி வுடறாங்க?

ஞானசுந்தரம்: இன்னிக்கு ஒரு நாள் கிண்டல் பண்ணாத. இதுதான் கடைசி.

தேவகுமாரி: என்ன கடைசி?

ஞானசுந்தரம்: கோயில் முடிஞ்சதும் ஒருத்தர் வர்றாரு. மஞ்சக்குட்டை ஊர்க்காரர். காரு புடிச்சிருந்தா இன்னிக்கே ஓட்டிட்டுப் போயிருவாரு.

தேவகுமாரி: ஏனுங்க... விக்கறீங்களா? என்ற கிட்ட ஒரு வார்த்தை...

ஞானசுந்தரம்: இப்பச் சொல்றேனே. கண்ணு ஆபரேசன் ஆனதுல இருந்து நான் ரோட்டுல எடுக்கறதில்ல. நம்ம பொண்ணு ஜெஸ்லின் சேலத்துல இருக்கறா. ஓட்ட ஆளில்லாத ஊட்டுல காரு எதுக்கு?

தேவகுமாரி: அது பாட்டுக்கு நிக்கட்டுமே. சோறா கேக்குது?

ஞானசுந்தரம்: டீசல் கேக்குதே.

தேவகுமாரி: ஒரு மொழம் போயிட்டு வர எவ்வளவு டீசலுங்க ஆயிரும்?

ஞானசுந்தரம்: அதுக்கு ஒரு கதை சொல்றேன், கேளு.

தேவகுமாரி: காலங்காத்தாலயா? உங்க கதையில ஒரு நரி வரும், யாரையாவது ஏமாத்தும்.

ஞானசுந்தரம்: இதுல நரியே இல்ல. ஒரு சேவலு, ஒரு கோழி. கோழிக்குப் பறக்க வராதுன்னு சேவலு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சுதாம்.

தேவகுமாரி: அப்புறம்?

ஞானசுந்தரம்: அப்புறம் என்னன்னு கோழிதான் சொல்லோணும்.

தேவகுமாரி: கோழிக்கு வேற வேலை இல்ல பாருங்க. வண்டியை எடுக்கறதுன்னா எடுங்க.

ஞானசுந்தரம்: நகரு... ஆங், பாத்தியா? சாவியைத் திருப்புன ஒடனே புடிச்சுக்கிச்சு. சிங்கமாட்டம் ஒரு சத்தம்... அட.

தேவகுமாரி: என்னங்க?

ஞானசுந்தரம்: நகர மாட்டேங்குது. பின் சக்கரம் புடிச்சிருக்குது.

தேவகுமாரி: எலி ஏதாச்சும்...

ஞானசுந்தரம்: எலி ஒயரைக் கடிக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுக்குமா?

தேவகுமாரி: இழுத்தா இருக்குது?

ஞானசுந்தரம்: முழுசா! இந்த மலையில, பனிக்காலத்துல, யாராவது ஹேண்ட் பிரேக் போட்டு வண்டியை வுட்டுட்டுப் போவாங்களா? ஈரத்துல உள்ளாற ஒட்டிக்கும்னு பச்சக் கொளந்தைக்குத் தெரியும். சக்கரத்தடியில கல்லு வச்சுட்டு, பிரேக்கை எறக்கி வுட்டுருவோம். நின்னா ஹேண்ட் பிரேக்குங்கறது கீழ சேலத்துல சொல்லித் தர்ற பாடம்.

தேவகுமாரி: நீங்களே... போன வாரம் மறந்து இழுத்திருப்பீங்க.

ஞானசுந்தரம்: நானா?

தேவகுமாரி: வயசாகுதில்லீங்க.

ஞானசுந்தரம்: கல்லும் வச்சிருக்குது, பிரேக்கும் இழுத்திருக்குது. ரெண்டையும் நானே செஞ்சுட்டு, எனக்கே ஞாபகமில்ல... சரிதான். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.

தேவகுமாரி: அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

ஞானசுந்தரம்: மொதல்ல கண்ணு, இப்ப ஞாபகம். விக்கறதுதான் நல்லது. நாளைக்கு எதை மறப்பேனோ...

தேவகுமாரி: அய்யோ, போதுமுங்க! உங்களுக்கு மறதியும் இல்ல, மண்ணும் இல்ல. இழுத்தது நாந்தான்.

ஞானசுந்தரம்: நீ எதுக்கு உள்ள ஏறுன?

தேவகுமாரி: ஓட்டத்தான். அப்படிப் பாக்காதீங்க. ஜெஸ்லின் பிரசவத்துக்குப் போயி சேலத்துல இருந்தனே, கொளந்தை தூங்கற நேரத்துல கத்துக்கிட்டேன். லைசென்சும் வாங்கிட்டேன். வியாளக்கெழமை நீங்க டவுனுக்குப் போற பஸ்ஸு வளைவு தாண்டுனதும் வண்டியை எடுப்பேன். மொதல்ல எஸ்டேட் கேட்டு வரைக்கும். இப்ப வாழவந்தி போயிட்டு வர்றேன்.

ஞானசுந்தரம்: எறக்கத்துல?

தேவகுமாரி: செகண்ட் கியர்லயே எறங்குவேன். பிரேக்கை மிதிச்சுட்டே வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஹேண்ட் பிரேக்கையும் எப்பவும் ஞாபகமா எறக்கித்தான் வுடுவேன். இந்த வியாளக்கெழமை உங்க பஸ்ஸு ஹாரன் கேட்டுச்சு. கல்லை மட்டும் வச்சுட்டு, பிரேக்கை எறக்காம ஓடியாந்துட்டேன்.

ஞானசுந்தரம்: என்ற கிட்டச் சொல்றதுக்கு என்ன?

தேவகுமாரி: சொல்ற மாதிரியா வச்சிருந்தீங்க? கல்யாணமான புதுசுல காப்பிக் களத்துல சொல்லித் தாங்கன்னு ஆசையாக் கேட்டேன். செவுத்துல லேசா ஒரு இடி. அவ்வளவுதான். அத்தனை ஆளுங்க முன்னாடி சாவியைப் புடுங்கி, "இது உனக்கு ஆகற வேலை இல்ல"ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிக்கு அங்க நின்ன ஜேசுதாஸ் அண்ணன் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கறாரு.

ஞானசுந்தரம்: ...ஆமா. சொன்னேன்.

தேவகுமாரி: அந்த மஞ்சக்குட்டைக்காரரை வர வேண்டாம்னு சொல்லீருங்க. வாரத்துல அந்த ஒரு மத்தியானம் எனக்கு வேணுமுங்க. வேற எதுவும் உங்க கிட்டக் கேக்கல.

ஞானசுந்தரம்: எந்த மஞ்சக்குட்டைக்காரரு?

தேவகுமாரி: காரு வாங்க வர்றவரு...

ஞானசுந்தரம்: அப்படி யாரும் இல்ல, அம்மிணி.

தேவகுமாரி: என்னது!

ஞானசுந்தரம்: நீ வண்டி எடுக்கறதை டீக்கடை பெருமாள் போன வருசமே சொல்லிட்டான். அப்புறம் பஸ் கண்டக்டரு, அப்புறம் நம்ம பாதிரியாரு. ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சது நீ ஒருத்திதான். ஓடற வண்டியில டீசல் எப்படிக் கொறையாம இருக்குதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா?

தேவகுமாரி: கேன்ல வாங்கியாந்து ஊத்துனது நீங்களா? நொம்பக் கொஞ்சமாக் குடிக்கற வண்டின்னு நான் பெருமைப்பட்டுட்டு இருந்தனே!

ஞானசுந்தரம்: மெக்கானிக் வசந்த்தைக் கூப்புட்டு கிளட்ச்சை லேசாக்கச் சொன்னதும் உனக்குத்தான். என்ற காலுக்குப் பழசே போதும். பேட்டரி உனக்கு எறங்கிப் போயி நிக்கக்கூடாதுன்னுதான் வாரா வாரம் இந்த ஊர்வலம்.

தேவகுமாரி: அப்ப மறதி? செத்துப்போன மாமனாரைக் கூட சாட்சிக்கு இழுத்தீங்களே, பாவி மனுசா!

ஞானசுந்தரம்: மஞ்சக்குட்டைக்காரர் கதைதான் நான் யோசிச்சு வச்சது. ஹேண்ட் பிரேக்கு நீயா குடுத்தது. நீயே ஒரு நாள் சொல்லுவேன்னு காத்துப் பாத்தேன். நான் கேக்கலாம்னா... எந்த மூஞ்சியை வச்சுட்டுக் கேக்கறது? சாவியைப் புடுங்குனவனாச்சே.

தேவகுமாரி: ...இப்ப சுத்தியல் எதுக்குங்க?

ஞானசுந்தரம்: ஒட்டுன பிரேக்கைத் தட்டி வுடறேன். தள்ளி நில்லு... கேட்டியா, டொக்குன்னு? வுட்டுக்கிச்சு. ஏறு.

தேவகுமாரி: எந்தப் பக்கம்?

ஞானசுந்தரம்: ஸ்டியரிங் பக்கம். இந்தா சாவி.

தேவகுமாரி: கோயிலுக்கா? சனம் பூரா வாசல்ல நிக்குமுங்க. ஜேசுதாஸ் அண்ணனும் நிப்பாரு!

ஞானசுந்தரம்: நிக்கோணும். அன்னிக்கு அத்தனை பேரு முன்னாடியும் புடுங்குனேன். இன்னிக்கு அத்தனை பேரு முன்னாடியும் நீ ஓட்டிட்டு வரோணும், நான் பக்கத்துல உக்காந்து வரோணும்.

தேவகுமாரி: வாசல் எறக்கமாச்சே. ஹேண்ட் பிரேக்கும் போடக்கூடாதுங்கறீங்க. கல்லுக்கு எங்க போறது?

ஞானசுந்தரம்: என்ற மடியில இருக்குது பாரு. நிறுத்திட்டு நீ காலைப் பிரேக்குலயே வச்சுட்டு இரு. நான் எறங்கி வந்து, குனிஞ்சு, உன்ற சக்கரத்தடியில வைக்கறேன். ஜேசுதாஸ் நல்லாப் பாக்கட்டும்.