குழாயடிச் சுவரில் இரண்டு கோடுகள்

ஏழு பத்து. மாலை. சங்கு ஊதுகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது.

பாலத்தின் விளக்குகள் அணைகின்றன. அம்மா, பக்கத்து வீட்டு வங்காளிச் சித்தி ஷெஃபாலி மாஷி, நான். மூவரும் நடுப்பாலத்தில். பின்னால் கொல்கத்தா. முன்னால் ஹவுரா, எங்கள் வீடு. கீழே ஆறு. கறுப்பாக.

"போஷோ! ஷோபாய் போஷோ!" போலீஸ்காரர் கத்துகிறார். எல்லோரையும் உட்காரச் சொல்கிறார். நடைபாதை முழுக்க ஜனங்கள் கம்பியோரம் குந்துகிறார்கள். தலையைக் கைகளால் மூடுகிறார்கள்.

அம்மாவும் உட்கார்ந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிம்மா. இது ஆபத்து முடிஞ்ச சங்கு."

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஆபத்துக்கு ஒரு சங்கு, ஆபத்து நீங்கியதற்கு ஒரு சங்கு. அறிவிப்பு என் நியூ டவுன் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பஸ்ஸில் நின்றபடி படித்தேன். ஒரே முறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சந்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்காகக் குழாயடிச் சுவரில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். சங்கு நேராக ஊதினால் நேர்கோடு: குண்டு வருகிறது. ஏறி இறங்கினால் அலைக்கோடு: பயமில்லை.

அம்மா அன்றைக்கே கேட்டாள். "மாத்திப் போட்டுட்டியாடி? உங்கப்பா ஒர்க்‌ஷாப்புல நேரா ஊதுனா ஷிப்டு முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"அது ஒர்க்‌ஷாப்பு. இது சண்டை. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன்."

மாஷி சிரித்தாள். அவள் தமிழ் எங்கள் அடுப்படியில் கற்ற தமிழ். "தீதிமணி சொல்லிட்டா. அப்புறம் பேச்சு என்ன?" தீதிமணி என்றால் டீச்சரம்மா. கேலிதான். எனக்குப் பிடிக்கும்.

இப்போது மாஷியின் தலையில் பூக்கூடை. பாலத்தடிப் பூச்சந்தையில் வாங்கிய செவ்வந்தி மாலைகள். காலையில் ஸ்டேஷன் வாசலில் விற்க.

நகர முடியவில்லை. முன்னால் முழங்கால்கள். பின்னால் முழங்கால்கள். ஒரு பக்கம் இரும்பு வேலி. மறுபக்கம் நின்றுபோன பேருந்துகள். எப்போதும் அதிரும் பாலம் அதிரவில்லை. எங்கோ படகின் ஹாரன், ஒருமுறை. யாரோ முணுமுணுக்கும் பிரார்த்தனை. குந்தியிருந்தவர்கள் எங்களைத் திட்டினார்கள். நாங்கள் மட்டும் நின்றோம்.

ஏழு இருபத்திரண்டு. சங்கு மறுபடி. இந்தமுறை நேராக. ஏறாமல். இறங்காமல்.

குண்டு வருகிறது. பாலம்தான் முதல் குறி. நான் கத்துகிறேன்.

"ஓடுங்க! பாலாவ்! பாகோ!"

ஓடச் சொல்லி மூன்று மொழியில் கத்தினேன்.

"ஏய், சும்மா இருடி!" அம்மா என் வாயைப் பொத்த வருகிறாள். எட்டவில்லை. அருகிலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். தோள்கள் மோதுகின்றன. மாஷி அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். ஓடினாள்.

பத்தடி போயிருப்பாள். முதலில் கூடை விழுந்த சத்தம். பிறகு இரும்பில் ஏதோ மோதிய சத்தம். அது பெரிய சத்தமில்லை.

விளக்குகள் வந்தன. எட்ட இருந்தவர்கள் நிதானமாக எழுந்து உடையைத் தட்டிக்கொண்டார்கள். ஒரு பேருந்து கிளம்பியது. பாலம் அதிரத் தொடங்கியது. அவர்களுக்கு அது ஆபத்து நீங்கிய சங்கு. எல்லோருக்குமே அதுதான். நான்தான் மாற்றி வரைந்திருந்தேன்.

அந்தப் பாலத்தில் குண்டு எதுவும் விழவில்லை.

வேலியில் தலை மோதிய மாஷி கண் திறக்கவே இல்லை. சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அம்மா ஈரத் துணியும் சாக்பீஸும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. குழாயடிக் கோடுகளை அழித்தேன். சரியாக வரைந்தேன். நான்தான் மாற்றிப் போட்டேன் என்று உரக்கச் சொன்னேன்.

இழந்தவை இவை. மூங்கில் கூடை ஒன்று. செவ்வந்தி மாலைகள் நாற்பது, எல்லாம் மிதிபட்டவை. அம்மாவின் இடது செருப்பு. மாஷியின் இரண்டு செருப்புகளும். ஷெஃபாலி மாஷி, வயது ஐம்பத்தொன்று, என் சொல்லை நம்பியவள்.