பதினாலு வட்டம்

அய்ய, அங்க நிக்காதம்மா, அந்தச் சாக்கடை மூடி ஆடும். இந்தப் பக்கம் வா. போன்ல தமிழ் பேசிக்கிட்டிருந்தியா, அதான் கூப்பிட்டுட்டேன். இந்தப் புனே ஆகுர்டில ஞாயித்துக்கெழம காலைல தமிழ் காதுல விழுந்தா சும்மா போக முடியுமா? கோயம்புத்தூரா? நெனச்சேன், அந்த ‘ஏனுங்க’ இருந்துச்சு. நமக்கு ஆம்பூர் பக்கம். இங்க வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. பாதி ஹிந்தி, பாதி மராட்டி, மிச்சம் மீதிதான் தமிழ்.

எடும்மா, போட்டோ தாராளமா எடு. முன்னாடியெல்லாம் இந்தச் செவுரப் பாத்து நின்னவன் பூரா வேற காரியத்துக்கு நின்னான். ஸ்டேஷனுக்குப் போறவங்க மூக்கப் பொத்திக்கிட்டுதான் போவாங்க. இப்ப ஒருத்தன் நிக்கட்டும் பாப்போம்? அந்தச் சாயாக்காரனே அடிச்சுத் தொரத்துவான்.

ஆமா, படத்துல இருக்கறது பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுங்கதான். கம்பெனி பஸ்ஸு, காலை ஷிஃப்டு. ஏழு பேரு. கையில டப்பா, நின்னுக்கிட்டே தூங்கறாங்க பாரு. மொதல்ல நிக்கறது பவாரு, கான்டீன்ல இருந்தாரு. இப்ப உசுரோட இல்ல. அவரு சம்சாரம் பேரனத் தூக்கிட்டு வந்து காட்டிட்டுப் போகும். எலக்ஷன் வந்தா செவுத்துல சின்னம் வரைவான். எங்க மாதிரி ஆளுங்கள எவன் வரைஞ்சான் சொல்லு.

வட்டமா? ம்... அதக் கேக்காம யாரும் போறதில்ல. பதினாலு இருக்கு. மஞ்ச மெழுகுப் பென்சிலு, மழைக்கெல்லாம் போகாது. ஏழு வருஷம் ஆச்சு.

அப்படியா, இத வரைஞ்ச பையனோட வேற படத்த பெங்களூர்ல பாத்திருக்கியா? அதுலயும் ஒரு வட்டம் இருக்கும். தெரியும்மா. கோவால இருக்கறதுலயும் ஒண்ணு. அவன் கையெழுத்தே அதுதான்னு பேப்பர்ல போட்டாங்களாமே. போடட்டும். ஆனா இந்தச் செவுத்துல இருக்கறது அவன் போட்டதில்ல. அவன் அப்பன் போட்டது.

தெரியுமாவா? நல்லாத் தெரியும். நானும் அந்த ஆளும் ஒரே பெயிண்ட் ஷாப்புதான், கம்பெனில வண்டிக்கு பெயிண்ட் அடிக்கற எடம். அந்த ஆளுக்கு முப்பத்தோரு வருஷம் ஒரே வேல. பெயிண்ட் அடிச்ச வண்டி பாடி லைன்ல வரும், மேல வரிசையா டியூப் லைட்டு. குனிஞ்சு பாக்கணும். தூசி ஒட்டியிருக்கா, பெயிண்டு வழிஞ்சிருக்கா, எங்க கொறையோ அங்க ஒரு வட்டம் போட்டு விடணும். அடுத்து நிக்கறவன் தேய்ச்சு சரி பண்ணுவான். அது நல்லாருக்கான்னு பாக்கற வேல இல்லம்மா. எங்க நல்லால்லன்னு பாக்கற வேல. வீட்டுக்கு வந்தா தோசையிலயும் அதத்தான் பாப்பான். அவன் சம்சாரம் கரண்டியத் தூக்கிப் போட்டுட்டுப் போயிரும்.

பையன் பேரு மனோஜு. உனக்குத்தான் தெரியுமே. டிப்ளமா முடிச்சான், வேலைக்குப் போகாம செவுரு செவுரா சுத்துனான். கிராஃபிட்டியாம். ரெண்டு தடவ போலீஸு புடிச்சு உக்கார வெச்சுது. அப்பனுக்கு வெளிய தல காட்ட முடியல. அப்புறம் பாத்தா முனிசிபாலிட்டிக்காரனே கூப்பிட்டு இந்தச் செவுத்தக் குடுத்தான். சாரம் கட்டி எட்டு நாள் வரைஞ்சான். முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து, அப்பா ஒரு தடவ வந்து பாருப்பான்னான்.

வந்தான். ஷிஃப்டு முடிஞ்சு யூனிஃபார்மோட அப்பன் நேரா வந்தான், மேல் பாக்கெட்டுல பென்சிலு. பையனோட கூட்டாளிங்க பத்துப் பேரு நிக்கறாங்க. பேடா வாங்கி வெச்சிருந்தாங்கம்மா. கை தானாப் போச்சு. சத்தியமாச் சொல்றேன், தானாப் போச்சு. இங்க வழிஞ்சிருக்கு, வட்டம். இங்க தூசி, வட்டம். சாரத்து மேல ஏறிப் போயும் போட்டான். ஒன்ற மணி நேரம். ஒருத்தரும் பேடா டப்பாவத் தொறக்கல. கீழ எறங்கி, இதெல்லாம் சரி பண்ணுன்னு சொல்லிட்டு நடந்துட்டான்.

நாலாவது ஆளப் பாரு. மூக்கு மேல வட்டம் இருக்கா? உள்ள ஒரு கறுப்புச் சொட்டு வழிஞ்சிருக்கு, இத்துனூண்டு. அதப் பாத்தான். மூக்கு யாருதுன்னு பாக்கல. பையன் அப்பனத்தான்மா வரைஞ்சு வெச்சிருக்கான். எட்டு நாள்ல மூணு நாள் அந்த மூஞ்சிக்கே ஆச்சாம். மறுநாள் சம்சாரம் வந்து பாத்துட்டு, வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அழுதுச்சு. அப்புறம்தான் அந்த ஆளுக்கு வெளங்குச்சு. ஓடி வந்தான். அதுக்குள்ள பையன் பெங்களூரு வண்டி ஏறிட்டான்.

கல்நெஞ்சுக்காரன்னா? சொல்லு, நல்லாச் சொல்லு. நானும் அதத்தான் சொல்றேன். ஆனா ஒண்ணு கேளு. எங்க லைன்ல வேலைக்கு ஆகாத பாடிக்கு வட்டமே போட மாட்டோம். குறுக்க ஒரு கோடு, அஞ்சு செகண்டு, ஓரமாத் தள்ளு. வட்டம் போட்டா இது நல்ல சரக்கு, விட்றாதன்னு அர்த்தம். பதினாலு வட்டம் அந்த ஆளு ஆயுசுல எந்த வண்டிக்கும் போட்டதில்லம்மா. பையன் என்னிக்கு பெயிண்ட் ஷாப்புக்குள்ள வந்தான், அவனுக்கு இதெல்லாம் தெரிய? வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். சொல்லலயே. சொல்லு சொல்லுன்னு சம்சாரம் தலபாடா அடிச்சுக்கிச்சு. பையன் போன் வந்தா அதுங்கிட்ட குடுத்துட்டு வாசலுக்குப் போயிருவான். போன வருஷம் அதுவும் போய்ச் சேந்துருச்சு. பையன் வந்தான், காரியம் பண்ணான். சாப்ட்டியாப்பான்னான். ம்னான் அப்பன். ஏழு வருஷத்துல அதான் பேச்சு.

என்னம்மா, அந்த மூக்கையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கற? அப்ப மீசை கறுப்பு. ஆமா, நான்தான்.

அய்யோ, வேணாம்மா, என்னச் சேத்து எடுக்காத. நீ எங்கயாச்சும் போடுவ, அவன் பாப்பான். என்னப் பாத்தா அவனுக்கு மறுபடி கை ஓடாது.

இந்தா, என் போனப் பாரு. அவன் வரைஞ்சது பூரா இருக்கு, பக்கத்து வீட்டு அம்ருதா எறக்கிக் குடுத்துச்சு. ராவும் பகலும் இதான் வேல. வட்டம் இருக்கற எடத்த பெருசு பண்ணிப் பண்ணிப் பாப்பேன். ஒரு தூசி கெடையாது. ஒரு சொட்டு வழியல. சுத்தமான பெயிண்டச் சுத்தி வட்டம் போட்டு வெச்சிருக்கான். வா, வந்து இப்பக் கண்டுபுடின்னு கூப்பிடறான். யாரக் கூப்பிடறான்னு ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?

அவனுக்கு எழுதறியா? நீ எழுதுனா படிப்பானா? சரி, எழுது. எல்லா வட்டமும் பாத்தாச்சு, கொற ஒண்ணும் இல்ல, பாஸுன்னு எழுது. யாரு சொன்னதுன்னா... அப்பான்னு போடாதம்மா. அப்பான்னு இருந்தா தொறக்க மாட்டான். பெயிண்ட் ஷாப்ல வேல பாத்த ஒருத்தருன்னு போட்டுரு.