எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி

தம்பி: ஊரே உன்னைப் பூட்டக்கான்னு கூப்பிடுது. பூட்டிட்டு மூணு தரம் இழுத்துப் பார்க்காம நகர மாட்டே. நீயா நம்ம பூட்டுக்கடையில மாட்டின புதுப் பூட்டுல வீட்டுச் சாவியை விட்டே?

அக்கா: தூக்கக் கலக்கம்டா. ஆனா பூட்டு... சமர்த்தா திறந்துக்கிச்சு.

தம்பி: ஒண்ணு ரெண்டு அப்படி...

அக்கா: புதுசா வந்த பூட்டுப் பெட்டி முழுக்கப் பார்த்துட்டேன். எந்தச் சாவிக்கும் எந்தப் பூட்டும் வாயைத் திறக்குது.

தம்பி: மெதுவா பேசுக்கா. தெருவுல பாதிக் கதவுல தொங்குறது அதுதான்.

அக்கா: அதனாலதான் சொல்லியாகணும். திருடன் ஒருத்தன் ஒரு பூட்டு வாங்கினாப் போதும். தெருவே அவன் வீடு.

தம்பி: கம்பெனிக்காரன் செஞ்ச தப்புக்கு நாம ஏன்...

அக்கா: அவன் முகத்தை யார் பார்த்தா? 'மாட்டிட்டு நிம்மதியா தூங்குங்க'ன்னு சொல்லிக் குடுத்தது நான்.

தம்பி: பூட்டுக்கடைக்குப் பேரு போனா அப்புறம் என்னக்கா இருக்கு? சொல்லாமலே மாத்திட்டா?

அக்கா: எப்படி?

தம்பி: விடியறதுக்குள்ள போய், நம்ம சாவியால திறந்து, அந்தப் பூட்டைக் கழட்டி, நல்லதை மாட்டிட்டு... சத்தமில்லாம வந்துடறது.

அக்கா: மக்கு. காலையில கடை திறக்க வர்றவன் எந்தச் சாவியால திறப்பான்?

தம்பி: அதுதான்க்கா...

அக்கா: ஏண்டா முகம் வெளிறுது?

தம்பி: அதை... அப்ப யோசிக்கலக்கா.

அக்கா: பொறு. சட்டையில என்ன எண்ணெய்க்கறை? எதுக்குப் பின்வாசல் வழியா வந்தே?

தம்பி: சும்மா... காத்தாட...

அக்கா: யார் கடை?

தம்பி: தையல்காரர் கடை மட்டும்தான். பாவம், வாசல்லயே நிக்கிறாரு. 'நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தே, இன்னைக்கு என்ன கோவம்'னு பூட்டோட பேசிட்டிருக்காரு. கூட்டம் வேற.

அக்கா: நல்ல பூட்டை மாட்டினதுதான் தப்பாப் போச்சு. அந்தக் கோளாறு பூட்டே இருந்திருந்தா கூட்டத்துல எவன் சாவியும் போதும்.

தம்பி: சிரிக்காதேக்கா.

அக்கா: அவர் பூட்டோட பேசினதைச் சொல்லும்போது நீ மட்டும் சிரிக்கலாமா?

தம்பி: பூட்டுல கோளாறுன்னு எனக்கு நேத்தே தெரியும்க்கா. உன் பேரு கெடக் கூடாதேன்னு... சொல்லல. இப்ப என்ன செய்யறது?

அக்கா: நானும் ஒண்ணு சொல்லல. 'புதுப் பூட்டு வாங்கியவர்கள் பூட்டுடன் வருக. பிழை எங்களுடையது'ன்னு பலகையில எழுதி மாட்டிட்டுத்தான் உன்கிட்ட பேச ஆரம்பிச்சேன். முன்வாசலா வந்திருந்தா பார்த்திருப்பே. தையல்காரர் கடையில நீ மாட்டின பூட்டோட சாவியைக் குடு. திறந்துவிட்டு, விஷயத்தைச் சொல்லிட்டு, அப்படியே கதவு கதவா போய்ச் சொல்லிட்டு வர்றேன்.